மிஸ் அஸ்க்வித்துக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள்

சுவிட்சர்லாந்தில், டாவோஸ் என்ற மலைநகரத்தில் நான் வேலை செய்த ஹோட்டலில் முப்பத்தோராம் அறையைச் சுத்தம் செய்வதற்கு ஒருவருக்கும் விருப்பமில்லை. நாங்கள் வாளியோடும் விரிப்புகளோடும் போய்க் கதவைத் தட்டினால் மற்ற விருந்தினர்கள் வெளியே போய்விடுவார்கள். முப்பத்தோராம் அறைக்காரி மட்டும் போகமாட்டார். ஜன்னலோர நாற்காலியில் கம்பளிப் போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு, நாங்கள் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கண்ணூறு இருக்கிறது என்று என்னோடு வேலை செய்த போர்த்துக்கீசப் பெண்கள் சொன்னார்கள். 1987 ஜனவரியில், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்ற முறையில், அந்த அறை என் பங்குக்கு வந்தது.

முதல் நாள் நான் கட்டிலை விரித்து முடித்துத் தலையணையைத் தட்டி வைத்தபோது அவர் ஆங்கிலத்தில் சொன்னார்:

"காலையிலிருந்து யாரோடோ கோபமாக இருக்கிறாய்."

திடுக்கிட்டுப் போனேன். அன்று காலையில் ஒரு சின்ன விஷயத்துக்காக என் கணவரோடு வாக்குவாதப்பட்டிருந்தேன்.

"எப்படித் தெரியும்?" என்று நானும் ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

"ஒரு தலையணைக்கு இரண்டு தட்டுப் போதும். நீ ஐந்து தட்டினாய். கடைசித் தட்டு தலையணைக்கு இல்லை." பிறகு, "உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே, எங்கே படித்தாய்?" என்றார்.

யாழ்ப்பாணத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் என்றேன். பெயர் கேட்டார். ஹோட்டலில் எல்லோரும் என்னைச் சிவா என்றுதான் கூப்பிட்டார்கள். அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். முழுப் பெயர் வேண்டுமாம். சிவமலர் என்றேன். அடுத்த ஒரு கிழமை நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். சில நாள் மலர் குறுகிப்போனது, சில நாள் சிவம் நீண்டுபோனது. ஏழாம் நாள் என் மாமியாரைவிடத் திருத்தமாகச் சொன்னார்.

"ஒரு மனுஷரிடம் நமக்குக் கிடைக்கிற முதல் வசனம் அவருடைய பெயர்தான். அதைப் பிழையாகச் சொன்னால் மிச்சமும் பிழையாகத்தான் போகும்" என்றார்.

அவருடைய பெயர் மியூரியல் அஸ்க்வித். எழுபத்து நான்கு வயது. ஆறு வருடமாக அந்த அறையில் இருந்தார். நுரையீரலுக்கு மலைக்காற்று நல்லது என்று வந்ததாக எல்லோரும் நம்பினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் ஆட்கள் மூவர் சமையலறையின் பின்பக்கத்தில் கூடுவோம். என் கணவர் உருத்திரமூர்த்தி மரக்கறி வெட்டுகிற வேலையில் இருந்தார். தவராஜா பாத்திரம் கழுவினான். அவன் எங்களைவிடப் பத்து வயது இளையவன், வாய் நீளம்.

"என்ன மலரக்கா, அந்தக் கிழவி உங்களை இன்னும் விழுங்கேல்லையோ?"

"அவ ஒரு நடிகை. லண்டனில பேர்போன நாடகக்காரி."

"நடிகையோ? அந்த முகத்தோடையோ?"

"உன்ர முகத்தோட நீ சட்டி கழுவேல்லையோ? அப்பிடித்தான்" என்றார் என் கணவர்.

உண்மையில் அது அழகான முகம் இல்லை. மூக்கு பெரிது, வாய் அகலம், கண்கள் சின்னவை. தானே ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "இது ஒரு காலி வீடு. வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது. யார் வந்தாலும் இருக்கலாம்."

ஒரு அறைக்கு எங்களுக்கு இருபது நிமிடம். அவருடைய வாழ்க்கையை நான் இருபது நிமிடத் துண்டுகளாகவே கேட்டேன். துடைத்துக்கொண்டும், விரித்துக்கொண்டும், குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டும் கேட்டேன். வட இங்கிலாந்தின் ஒரு துறைமுகப் பட்டினத்தில் பிறந்தவர். தாய் வெள்ளாவிக் கடையில் இஸ்திரி போட்டார். தகப்பன் கப்பலில் போனவர் திரும்பவில்லை. பதினேழு வயதில் ஒரு நாடகக் கொம்பனியில் மேடை கூட்டும் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கொம்பனி கிழமைக்கு ஒரு புது நாடகம் போடுமாம். பகலில் அடுத்த கிழமை நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் இந்தக் கிழமை நாடகம், படுக்கையில் அதற்கடுத்ததற்கு வசனம் பாடம். நான்காம் மாதம் ஒரு நடிகைக்கு அம்மை கண்டது. விளக்குமாற்றை வைத்துவிட்டு இவர் மேடையேறினார். அதன்பிறகு விளக்குமாறு பக்கம் போகவில்லை.

"பதினொரு வருடம். நானூறுக்கு மேல் பாத்திரங்கள். அரசிகள், வேலைக்காரிகள், இரண்டு தடவை ஆண்கள், ஒரு தடவை ஒரு மாடு."

"மாடோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

"பின்னங்கால்கள்" என்றார், நான் கேட்டது விளங்கியது போல.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்களில் மேசைகளை ஒன்றாகத் தள்ளிப் போட்டு, அதன்மேல் நின்று நடித்தார். விமானக் குண்டுக்கான சங்கு ஊதினால் நாடகத்தை நிறுத்துவதா என்று தொழிலாளரிடம் வாக்கெடுப்பு நடக்கும். ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது அவருடைய முதுகு நிமிர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு லண்டனின் பெரிய அரங்குகள். இருபது வருடம் அவர் பெயருக்காகவே சனம் சீட்டு வாங்கியது. ஒரு கலியாணம் செய்து, நான்கு வருடத்தில் சண்டையில்லாமல் பிரிந்தார். "அவருக்கு மாலை வேளைகளில் ஒரு மனைவி தேவைப்பட்டாள். எனக்கு மாலை வேளைதான் வேலை" என்றார். அதில் கசப்பு இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இருக்கவில்லை. தன் வாழ்க்கையைத் தானே தெரிந்தெடுத்த ஒரு பெண்ணை நான் அதற்கு முன்பு அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. என் முப்பத்தொன்பது வயதுவரை எனக்கு நடந்தவை எல்லாம் மற்றவர்கள் தீர்மானித்தவை, அல்லது எங்கள் நாட்டு யுத்தம் தீர்மானித்தவை.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். முப்பத்து நான்கு படங்கள். "பெரும்பாலும் கதவு திறந்துவிடுகிற வேலை. இந்த ஹோட்டல் வாசலில் நிற்பவரைவிட நான் அதிகமான கதவுகளைத் திறந்திருக்கிறேன்."

ஒருநாள் மட்டும், நான் குளியலறைக்குள் நின்றபோது, வெளியிலிருந்து சொன்னார்:

"ஒரு படத்தில் எனக்கு நான்கு நிமிடம் தந்தார்கள். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறேன். தந்தி வருகிறது. வாசித்துவிட்டு ஏப்ரன் பைக்குள் வைக்கிறேன். திரும்பவும் பட்டாணி உரிக்கிறேன். இயக்குநர் என்னை அழச் சொன்னார். மாட்டேன் என்றேன். இரண்டு நாள் சண்டை."

நான் துணியைப் பிழிந்தபடியே வெளியே வந்தேன். "ஒரு பட்டாணி நிலத்தில் விழும். நீங்கள் குனிந்து அதைத் தேடி எடுத்துப் பாத்திரத்தில் போடுவீர்கள்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினான்கு வயதில் எங்களைக் கன்னியாஸ்திரிகள் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்தைக் காட்டினார்கள். படத்தின் பெயர், கதை, கதாநாயகன் எல்லாம் மறந்துபோயிற்று. அந்தப் பட்டாணி மட்டும் மறக்கவில்லை. அதை எடுத்த பெண் யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் உண்மையான ஒரு பெண் என்றே நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

அவருக்கு நான் சொல்லாத ஒன்று இருந்தது. 1984இல் என் தம்பி தயாபரனைச் சந்தியில் வைத்து இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று வந்து சொன்னபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பாதியைத் துருவி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். அவன் திரும்பி வரவில்லை. எனக்குக் கல்நெஞ்சு என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அன்றைக்கு நான் கல்நெஞ்சுக்காரியாக இருக்கவில்லை என்பதை, என்னைத் தெரியாத ஒருத்தி, நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலேயே எங்கோ ஒரு ஸ்டூடியோவில் நடித்துக் காட்டியிருந்தார். அதற்காக இரண்டு நாள் சண்டையும் பிடித்திருந்தார்.

பெப்ரவரியில் சூரிச்சிலிருந்து மிஸ் அஸ்க்வித்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஹெர் பௌமான் என்ற இயக்குநர் எழுதியிருந்தார். இளைஞனாக லண்டனில் அவருடைய நாடகங்களைப் பார்த்தவராம். தன்னுடைய சிறிய அரங்கில் ஒரு ஞாயிறு பிற்பகல், ஒரே ஒரு காட்சி, ஒருவர் மட்டும் நடிக்கும் ஒரு மணி நேர நாடகம் ஒன்றை மிஸ் அஸ்க்வித் நடிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். கடிதத்தை என்னிடம் வாசிக்கத் தந்துவிட்டு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் நுரையீரலில் ஒரு வருத்தமும் இல்லை, சிவமலர்" என்றார். "அது என்னைவிட இளமையாக இருக்கிறது."

அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னார். 1981இல் லண்டனில், நூற்று எண்பது தடவைக்கு மேல் நடித்துவிட்ட ஒரு நாடகத்தில், நடுவில் வசனம் மறந்துபோயிற்று. ஒரு சொல்லும் இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் நின்றார். பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், காதில் ஏறவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள். அடுத்த நாள் பத்திரிகைகள் உடல்நலக் குறைவு என்று மரியாதையாக எழுதின. அந்த மரியாதையைத் தாங்கமுடியாமல்தான் டாவோஸுக்கு வந்தாராம்.

"மறப்பது பெரிய விஷயம் இல்லை. எத்தனையோ தடவை மறந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு, நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே, நான் முடிந்துபோனேன் என்று வேறு ஒருவர் தீர்மானித்தார். ஒரே ஒரு தடவை, நானே நடந்து மேடையை விட்டு வெளியேற வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்."

பிறகு, தனக்கு வசனம் எடுத்துக் கொடுக்க நான் வரவேண்டும் என்றார். இந்த நாட்டு அரங்குகளில் அதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. மேடையின் முன்விளிம்பில் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் பிரதியோடு ஒரு பெண் இருப்பாள். ஹெர் பௌமான் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தருவதாக எழுதியிருந்தார். ஒரு வசனமும் தவறவிடாதவர் என்று பெயரெடுத்தவராம்.

"ஒன்றையும் தவறவிடாத ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம்" என்றார் மிஸ் அஸ்க்வித். "நீ பார்க்கத் தெரிந்தவள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீயும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்."

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"எங்கட பெர்மிட்டில இந்தக் கன்டோனுக்குள்ள, இந்த மாகாணத்துக்குள்ளதான் வேலை செய்யலாம். சூரிச்சில போய் வேலை செய்தாய் எண்டு பிடிச்சா?"

"வேலையில்லை. வயசுபோன மனுசிக்குத் துணையாப் போறன். மனேச்சர் கடிதம் தாறன் எண்டவர்."

"துணைக்கோ! ஒரு வசனம் பிழைச்சா அங்க இருக்கிற முழுச்சனமும் உன்னைத்தான் பார்க்கும்."

"கூண்டுக்குள்ள இருக்கிறவளை ஆரப்பா பார்க்கிறது?"

"மலரக்கா, கைதட்டல் கேட்டவுடன நீங்களே எழும்பிக் கும்பிட்டுப்போடாதேங்கோ" என்றான் தவராஜா. "கூண்டு தலையில இடிக்கும்."

ஒத்திகை பிற்பகலில் நடந்தது. இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை எங்களுக்கு ஓய்வு நேரம். மற்றவர்கள் நித்திரை கொள்ளப் போவார்கள், நான் முப்பத்தோராம் அறைக்குப் போவேன். நாடகம் எளிமையானது. மூடப்போகிற ஒரு ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு வயதான பெண் இருக்கிறாள். எதிர் வாங்குப் பலகையில் நித்திரையாக இருக்கிற ஒரு மனிதனோடு கதைக்கிறாள். அந்த மனிதனை நாம் பார்ப்பதில்லை. ஐம்பது பக்கம் முழுவதும் அவள் குரல் மட்டும்தான்.

முதல் நாளே பெரிய பிழை விட்டேன். எங்கள் ஊரில், பள்ளிக்கூட விழாவிலும் சரி, கோயில் வீதியில் போடும் நாடகத்திலும் சரி, வசனம் எடுத்துக் கொடுப்பவர் திரைக்குப் பின்னால் கொப்பியோடு நின்று ஒவ்வொரு வசனத்தையும் முதலில் தான் சொல்லுவார். நடிகர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுவார். முன்வரிசையில் இருப்பவர்கள் முழு நாடகத்தையும் இரண்டு தடவை கேட்பார்கள். ஒருவருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை. அதைத்தான் நான் செய்தேன். அவர் வாயைத் திறக்க முன்னமே முதல் வசனத்தை மெல்லச் சொன்னேன். அவர் சொன்னார். இரண்டாவதையும் நான் முந்திச் சொன்னேன். மூன்றாவதுக்கு அவர் நிறுத்திவிட்டார்.

"சிவமலர், இந்த நாடகத்தில் இரண்டு பேர் நடிக்கிறோமா?"

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அவர் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் அப்படியே செய்யச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் பின்னால் வந்தார். "ஒருவராலும் கைவிடப்படாத நடிகர்கள்!" என்றார். "எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பார்கள். எவ்வளவு மோசமாக நடித்திருப்பார்கள்."

அதன்பிறகு, அவர் தடுமாறினால் மட்டும் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தம். ஆனால் அதுவும் எனக்கு வரவில்லை. நான்காம் நாள், பதினோராம் பக்கத்தில் அவர் பேசாமல் நின்றார். நான் உடனே வசனத்தைக் கொடுத்தேன். கையிலிருந்த கையுறைகளை அவர் கட்டிலில் வீசியடித்தார்.

"என் மௌனத்தை எடுத்துவிட்டாய்! வசனம் எழுதியவருடையது. அதற்கு நடுவில் இருப்பது மட்டும்தான் என்னுடையது."

மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்னால் பொறுக்க முடிவதில்லை? எங்கள் ஆட்களிடையே ஒருவர் நாலுபேர் முன்னால் சொல் வராமல் நின்றால், பக்கத்தில் இருப்பவர் அதைச் சொல்லி முடித்துவிடுவார். அது உதவி, அது மரியாதை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கான விசாரணையிலும் அதுதான் நடந்தது. தம்பியைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. மொழிபெயர்க்க வந்த எங்கள் ஊர் மனிதர் என்னில் இரக்கப்பட்டு, நான் சொல்லாத நான்கு வசனங்களை ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் நடப்பதுபோன்ற நான்கு வசனங்கள். அவை தட்டச்சில் ஏறின. அவர் நல்ல மனிதர், அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் வெளியே வந்தபோது, என்னிடமிருந்து ஏதோ ஒன்று எடுபட்டுப்போனது போலிருந்தது. அது என்னவென்று அப்போது விளங்கவில்லை. மிஸ் அஸ்க்வித் கையுறையை வீசியபோது விளங்கியது.

அடுத்த நாளிலிருந்து பிரதியைப் பார்ப்பதை நிறுத்தினேன். வசனம் எனக்கும் பாடமாகியிருந்தது. அவரை மட்டும் பார்த்தேன். தன்னுடைய மௌனம் எது, மறதி எது என்று ஒரு சைகை காட்டலாமே என்று கேட்டேன். மறுத்தார். "சைகை காட்ட நினைத்தால் நான் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன். காத்திருப்பு அறையில் இருக்கிற அந்தப் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது."

ஆகவே நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு கிழமையில் கண்டுபிடித்தேன். நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது. மறக்கும்போது அவர் நடித்தார். தலை சற்றுப் பின்னால் சாய்ந்து நாடி மெல்ல உயரும், கண்கள் தூரத்தில் எதையோ தேடும், முகத்தில் அழகான ஒரு சோகம் வரும். பார்ப்பவர்கள் மெய்ம்மறந்து போவார்கள். வசனம் வரும்வரைக்கும் இடத்தை நிரப்புகிற நடிப்பு அது. உண்மையான மௌனத்தில் அந்த முகத்தில் ஒன்றுமே இராது. பஸ்சுக்குக் காத்திருக்கும் பெண்ணின் முகம். நாடி உயர்ந்தால் வசனம் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. எப்படி அறிகிறேன் என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் திருத்திக்கொள்வார், பிறகு எனக்கு வழி இராது.

மார்ச் கடைசி ஞாயிறு ரயிலில் சூரிச்சுக்குப் போனோம். நான் கருநீலச் சேலை கட்டி, மேலே குளிர்க் கோட்டுப் போட்டிருந்தேன். அரங்கில் ஹெர் பௌமான் எங்களை வரவேற்றார். மெலிந்த, கண்ணாடி போட்ட, நல்ல மனிதர். என்னைத் தனியே கூப்பிட்டு, பயப்படவேண்டாம் என்றார். "அப்படி ஏதும் நடந்து, உங்களாலும் சரிசெய்ய முடியாவிட்டால், என்னைப் பார்த்து ஆம் என்று தலையை அசையுங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். உடனே திரையை இறக்கிவிடுவோம். அவரை அவமானப்பட விடமாட்டேன்." லண்டனில் திரையை இறக்கியவரும் இப்படி ஒரு நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கூண்டுக்குள் ஒரு சின்னப் பலகை இருக்கை. என் நாடி மேடைத் தளத்தின் மட்டத்துக்கு இருந்தது. சனம் எனக்குப் பின்னால் இருந்தது. அவர்களின் முணுமுணுப்பும் ஈரக் கோட்டுகளின் மணமும் மட்டும் வந்தன. மூன்று மணிக்குத் திரை எழும்பியது.

ஆறு வருடம் மேடையேறாத ஒரு பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல் வசனத்திலேயே அந்தக் காத்திருப்பு அறைக்குள் குளிர் வந்துவிட்டது. ஹோட்டல் அறையில் நான் கேட்ட அதே சொற்கள்தான். ஆனால் இங்கே அவை முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேர்ந்தன, அவர் குரலை உயர்த்தாமலே. அவர் சிரித்த இடத்தில் அவர்கள் சிரித்தார்கள். இரண்டு தடவை நாடி உயர்ந்தது. இரண்டு தடவையும் ஒற்றைச் சொல் கொடுத்தேன். ஒருவருக்கும் கேட்கவில்லை.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் அவருடைய பேச்சு நின்றது.

அங்கே மௌனம் கிடையாது. ஒத்திகையில் ஒருநாளும் அவர் அங்கே நிறுத்தியதில்லை. எனக்கு வசனம் நாக்கின் நுனியில் இருந்தது. ஆனால் நாடி உயரவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. மடியில் கைப்பையும் அதன்மேல் கையுறை போட்ட இரண்டு கைகளும். ஐந்து எண்ணினேன். பத்து எண்ணினேன். பின்னால் ஒருவர் இருமினார். பக்கவாட்டில் ஹெர் பௌமானின் கண்ணாடி மினுங்கியது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அருகில் கயிற்றில் கைவைத்தபடி ஒரு வேலையாள்.

பதினைந்து. நான் வசனத்தைக் கொடுத்தால் என்ன? அது மறதியாக இருந்தால் காப்பாற்றியவள் ஆவேன். அது அவருடைய மௌனமாக இருந்தால், அவரிடமிருக்கிற ஒரே சொத்தைச் சூரிச் சனத்துக்கு முன்னால் பறித்தவள் ஆவேன். ஹெர் பௌமான் கையை உயர்த்தத் தொடங்கினார். நான் அவரைப் பார்த்துத் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று மூன்று, நான்கு தடவை பலமாக ஆட்டினேன். பிறகு மிஸ் அஸ்க்வித்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்து, என் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான ஒரு வேலையை நான் செய்ததில்லை.

அவர் இடது கையுறையைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாக. அதுவும் நாடகத்தில் இல்லை. கழற்றி முடித்து, வெறும் கையைத் திருப்பித் தானே பார்த்தார். இருமல் சத்தம் நின்றுபோயிற்று. மூச்சுச் சத்தமும் நின்றுபோயிற்று. பிறகு, எழுதியபடியே, ஒரு சொல் பிசகாமல், அடுத்த வசனத்தைச் சொன்னார். எனக்குப் பின்னால் ஒரு பெண் விம்முவது கேட்டது.

மிச்சம் பன்னிரண்டு பக்கமும் ஆற்று நீர் போலப் போயிற்று. கடைசி வசனம் முடிந்ததும் திரையை இறக்க ஆயத்தமானார்கள். அவர் பக்கவாட்டைப் பார்த்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். கூண்டின் மூடி மறைத்ததால் எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை. வெளிச்சம் முழுவதும் எரிந்துகொண்டிருக்க, மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை நடந்து போய் மறைந்தார். வெறும் நாற்காலியைப் பார்த்துச் சனம் கைதட்டியது.

ஒப்பனை அறையில் அவர் காலணிகளைக் கழற்றிவிட்டு இருந்தார்.

"முப்பத்தெட்டாம் பக்கம். ஏன் எனக்கு வசனம் தரவில்லை?"

"நீங்கள் நடிக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

"நான் மறந்துபோய்விட்டேன், சிவமலர். சுத்தமாக. என் பெயரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் நாடியின் கதையைச் சொன்னேன். மறந்தால் உயரும், இன்றைக்கு உயரவில்லை, அதனால்தான் என்றேன். அவர் கண்ணாடியின் பக்கம் திரும்பி, நாடியை உயர்த்தி, கண்களைத் தூரத்தில் வைத்து, அந்த அழகான சோகத்தை வரவழைத்துப் பார்த்தார்.

"அடக் கடவுளே! ஐம்பது வருடமாகவா? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே!"

சிரித்து முடிக்க அவருக்குக் கனநேரம் எடுத்தது. கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "நான் அங்கே இருந்தேன். ஒன்றுமே இல்லை. லண்டனில் போலவே. சரி, இப்போது இறக்குவார்கள் என்று கீழே உன்னைப் பார்த்தேன். நீ யாரையோ, நாயைத் துரத்துவதுபோல், தலையை ஆட்டித் துரத்திக்கொண்டிருந்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் ஒரு அவசரமும் இல்லை. இவளுக்கே அவசரமில்லை என்றால் எனக்கு மட்டும் என்ன அவசரம்? கை வியர்த்திருந்தது, கையுறையைக் கழற்றினேன். நாடகம் செய்யவேண்டும் என்ற எண்ணமே இருக்கவில்லை. வசனம் தானாக வந்தது." என் பக்கம் திரும்பினார். "நடிக்கிறேன் என்று நினைத்தாயா? மெய்யாகவா?"

"மெய்யாக."

"லண்டன் பத்திரிகைகள் என்னைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கின்றன. இப்படி ஒன்று எழுதவில்லை."

ஹெர் பௌமான் பூச்செண்டோடு வந்தார். கண் சிவந்திருந்தது. பாசல் நகரில் அடுத்த மாதம் ஒரு காட்சி, பிறகு பேர்னில் ஒன்று, எல்லாம் தானே ஒழுங்கு செய்வதாகச் சொன்னார். முப்பத்தெட்டாம் பக்கத்து மௌனத்தை எப்படியாவது அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மிஸ் அஸ்க்வித் பூக்களை வாங்கிக்கொண்டார். அவருடைய கன்னத்தைத் தட்டி, "இல்லை, நன்றி" என்றார். அதில் வருத்தமில்லை. பசி தீர்ந்தவர் இன்னொரு அகப்பைச் சோறு வேண்டாம் என்பதுபோல் சொன்னார்.

அவர் போனபின் நான் குனிந்து மிஸ் அஸ்க்வித்துக்குக் காலணியைப் போட்டுவிட்டேன். அவர் என் தலைக்கு மேலே கேட்டார்:

"நான் வெளியேறியது எப்படி இருந்தது? உண்மையைச் சொல்."

"எனக்கு உங்கள் காலடிகள் மட்டும்தான் தெரிந்தன."

"எப்படி இருந்தன?"

யோசித்தேன். "எங்கே போகிறோம் என்று தெரிந்த கால்களாக இருந்தன. கடைசி அடியும் முதல் அடி போலவே இருந்தது" என்றேன்.

நான் நாடாவைக் கட்டி முடித்து நிமிர்ந்தபோது, அவருடைய முகத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. நான் அவசரப்படாமல் பக்கத்தில் இருந்தேன்.